ரோலரில் காந்தத் தடை: வீட்டிலேயே செய்து பொருத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று உருளை, ஒரு சட்டம், நடு உருளையையும் முன் உருளையையும் இணைக்க ஒரு பெல்ட். சைக்கிள் பயிற்சி ரோலர் என்பது இவ்வளவுதான். பின்சக்கரம் இரண்டு உருளைகளுக்கு நடுவே உட்காரும், முன்சக்கரம் ஒற்றை உருளை மேல் ஓடும். சைக்கிளை எதுவும் பிடித்திருக்காது, விழாமல் ஓட்டுவது உங்கள் பாடு. நேராக ஓட்டவும் சீராக மிதிக்கவும் பழக இதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனால் பெரிய அலுமினிய உருளைகளில் கால் சும்மா சுழலும், தொடை சூடேறாது. அதைச் சரிசெய்ய ஆறு காந்தமும் ஒரு இரும்புப் பட்டையும் போதும்.

ரோலரில் ஏன் இவ்வளவு லேசாக ஓடுகிறது?

சாலையில் உங்களைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் காற்று. சுமார் 75 கிலோ எடையுள்ளவர் சமதரையில் 30 கி.மீ. வேகத்தில் போக 150 வாட்டுக்குக் குறையாமல் மிதிக்க வேண்டியிருக்கும். அதில் பாதிக்கும் மேல் காற்றைப் பிளக்கவே செலவாகிறது. ரோலரில் சைக்கிள் நின்ற இடத்தில் நிற்கிறது, எதிர்க்காற்றே இல்லை. மிச்சம் டயர் நசுங்கி நிமிர்வதும் பேரிங், பெல்ட் உராய்வும்தான்.

உருளை சிறிதாக இருந்தால் டயர் அதிகம் குழிந்து நசுங்கும், அதனால் கனமாக ஓடும். கிரைட்லர் நிறுவனம் 2.25, 3, 4.5 அங்குலம் என்று தனித்தனி விட்டங்களில் ரோலர் விற்பது இதற்காகத்தான். உங்களிடம் 2.25 அங்குல உருளை இருந்தால் காந்தத்துக்கு அவசியமே இருக்காது. 3.5, 4.5 அங்குலம் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த வேலை.

டயரில் காற்றைக் குறைத்தால் போதாதா? உருளையில் துணி சுற்றினால்?

இரண்டும் வேலை செய்யும், இரண்டும் மோசமான வழி. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஓயாமல் மடங்கிச் சூடாகும், சீக்கிரம் தேயும். துணியோ தோல்பட்டையோ உருளையில் உரசினால் தடை எல்லா வேகத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். கிளம்பும்போதே இழுத்துப் பிடிக்கும், வேகம் கூடினாலும் இழுவை கூடாது. துணி சூடாகச் சூடாகப் பிடிமானமும் மாறும். காந்தம் நேர்மாறு. நின்றிருக்கும்போது தடை சுழி, வேகத்தோடு சேர்ந்து தடையும் ஏறும். ரோலரில் ஏறி மிதித்துச் சமநிலைக்கு வரும் முதல் சில நொடிகளில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

அலுமினியத்தில் காந்தம் ஒட்டாதே, பிறகு எப்படித் தடுக்கும்?

ஒட்ட வேண்டியதில்லை. காந்தப்புலத்துக்குள் ஒரு உலோகம் நகர்ந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, அந்த நகர்வையே எதிர்க்கிறது. செம்புத் தகட்டுக்கும் காந்த ஊசிக்கும் இடையே இப்படி ஓர் இழுவை இருப்பதை 1824 வாக்கில் பிரெஞ்சு அறிஞர் அராகோ கவனித்தார். 1831 இல் ஃபாரடே காரணம் சொன்னார். மிதிக்கும் சக்தி உருளையில் வெப்பமாக மாறி வெளியேறுகிறது. எதுவும் எதிலும் உரசாததால் தேய்மானம் இல்லை.

வீட்டுக் கணக்குக்கு மூன்று விதி போதும். இழுவை விசை வேகத்தோடு நேராக ஏறும், ஆகவே தேவைப்படும் வாட் வேகத்தின் இருமடியாக ஏறும். காந்தப்புலம் பாதியானால் தடை கால்வாசியாகும். உருளையின் உலோகம் எவ்வளவு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறதோ, எவ்வளவு தடிமனோ, அவ்வளவு தடை. மிக அதிக வேகத்தில் முதல் விதி தளரும். 3 மி.மீ. அலுமினியச் சுவருக்கு அந்த எல்லை மணிக்கு 75 கி.மீ. அளவில் வருகிறது, நம் காலுக்கு அந்தக் கவலை இல்லை.

என் ரோலருக்கு இது ஒத்துவருமா?

ஒரு சின்னக் காந்தத்தை உருளையில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு உருளை, அத்தோடு விட்டுவிடுங்கள். காந்தம் உருளையையே தன் பக்கம் இழுக்கும், பேரிங்குக்குத் தேவையில்லாத பாரம் விழும், இடைவெளி வைக்கவும் விடாது. ஒட்டாவிட்டால் அடுத்த சோதனை: உருளையைக் கையால் வேகமாகச் சுழற்றிவிட்டு, காந்தத்தைக் கெட்டியாகப் பிடித்தபடி உரசாத தூரத்துக்குக் கொண்டுபோங்கள். உருளை பளிச்சென்று வேகம் இழக்கும், உங்கள் விரல்களையும் சுழலும் திசையில் யாரோ மெதுவாகத் தள்ளுவது போலிருக்கும். அலுமினியம்தான், வேலையைத் தொடங்கலாம். ஒன்றுமே நடக்காவிட்டால் அது பிளாஸ்டிக், அதற்கான வழி பின்னால் வருகிறது.

குழாயின் சுவர்த் தடிமனையும் பார்த்துக்கொள்ளுங்கள். 3 மி.மீ. நல்லது. 2 மி.மீ. என்றால் கீழே சொல்லும் எண்களில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். மேலே வண்ண முலாம் பூசியிருந்தால் பாதகமில்லை.

எந்த உருளையில் மாட்டுவது?

கடைசி உருளையில், அதாவது பின்சக்கரத்துக்குப் பின்பக்கம் இருப்பதில். முன் உருளையில் மாட்டினால் முழுத் தடையும் பெல்ட் வழியாகப் போக வேண்டும். மெல்லிய ரப்பர் பெல்ட் வழுக்கும், முன்சக்கரம் தாறுமாறாகச் சுழலும், சமநிலை போய்விடும். நடு உருளையும் சரியே, ஆனால் பெல்ட்டும் சட்டமும் குறுக்கே நிற்பதால் கை போகாது.

இடம் என்று பார்த்தால், வலப்பக்கம் நின்று பார்க்கும்போது பின்சக்கரத்துக்கு எதிர்ப்புறமாக, உருளையின் நடுமட்டத்துக்குச் சற்றுக் கீழே. நேர் அடியில் வைத்தால் தரையிலுள்ள இரும்புத் தூளெல்லாம் காந்தத்துக்கு வந்து சேரும். நீளவாட்டில் உருளை முனையிலிருந்து குறைந்தது 30 மி.மீ. உள்ளே தள்ளி வையுங்கள். முனையில் இரும்பு பேரிங் இருக்கிறது. சுழல் மின்னோட்டம் வட்டமிட்டுத் திரும்பவும் உலோகம் வேண்டும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

நியோடிமியம் வட்டக் காந்தம், என்42 தரம், 20 மி.மீ. விட்டம், 10 மி.மீ. தடிமன், 6 எண்ணம். எம்.எஸ். பட்டை, அதாவது சாதாரண இரும்புப் பட்டை, 25 மி.மீ. அகலம், 6 மி.மீ. தடிமன், 200 மி.மீ. நீளம், ஒன்று. காய்கறி வெட்டும் கெட்டியான பிளாஸ்டிக் பலகை, 10 மி.மீ. தடிமனில், அதிலிருந்து 40 மி.மீ. அகலத் துண்டு. 25 மி.மீ. எல் ஆங்கிள் இரண்டு துண்டு. சட்டத்தைக் கவ்வ யு கிளாம்ப் இரண்டு, 6 மி.மீ. போல்ட், வாஷர், நைலான் பூட்டு நட்டு. இரண்டு டியூபாக வரும் ஏரால்டைட் பசை, மெதுவாக இறுகும் வகை.

பட்டையில் கஞ்சத்தனம் வேண்டாம். காந்தங்களின் பின்பக்கப் புலம் முழுதும் அந்த இரும்பு வழியாகத்தான் அடுத்த காந்தத்துக்குப் போகிறது. 3 மி.மீ. பட்டை அவ்வளவு புலத்தைத் தாங்காமல் நிறைந்துபோகும், மிச்சம் பின்பக்கமாகக் கசியும். பட்டைக்குப் பதில் அலுமினியமோ மரமோ வைத்தால் முன்பக்கப் புலம் இன்னும் குறையும்.

பழைய ஹார்டு டிஸ்க் காந்தம், ஸ்பீக்கர் காந்தம் ஆகுமா?

மேசைக் கணினியின் பழைய ஹார்டு டிஸ்க்கில் இருப்பவை அருமையானவை. பிறை வடிவம், ஒரே முகத்தில் வடக்கும் தெற்கும் பக்கத்துப் பக்கத்தில், பின்னால் இரும்புத் தகடு ஒட்டியே வரும். சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெரு மாதிரி இடங்களில் செத்த டிஸ்க் கேட்டால் கிடைக்கும். டிஸ்க்குக்கு டிஸ்க் அளவு மாறும் என்பதால் ஒன்று போல ஆறு தேற்றுவதுதான் சிரமம். தகட்டிலிருந்து பிரிக்க முயலாதீர்கள், முலாம் உரியும், காந்தம் உடையும். தகட்டோடு சேர்த்தே பட்டையில் திருகிவிடுங்கள்.

ஸ்பீக்கர் காந்தம் பெரும்பாலும் ஃபெரைட் என்ற கருப்புப் பீங்கான் வகை. பார்க்கத்தான் பெரிது, புலம் நியோடிமியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில்தான். தடை புலத்தின் இருமடியில் போவதால் ஒன்பதில் ஒரு பங்குதான் தேறும். வேண்டாம்.

செய்முறை?

1. ஆறு காந்தங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். அடுக்கின் மேல்முகத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி, அந்தக் காந்தத்தை வழுக்கி எடுத்துவிட்டு அடுத்ததன் மேல்முகத்தில் ஒரு புள்ளி, இப்படியே ஆறுக்கும். புள்ளி உள்ள முகமெல்லாம் ஒரே துருவம்.

2. பலகைத் துண்டில் 25 மி.மீ. இடைவெளியில் ஆறு மையம் குறித்து, 20 மி.மீ. துளை போடுங்கள். காந்தம் கையால் அழுத்தினால் நுழைய வேண்டும். பலகையைப் பட்டையின் மேல் பித்தளைத் திருகாணிகளால் முடுக்குங்கள். காந்தங்களைப் பிறகுதான் போட வேண்டும்.

3. துளைக்குள் தெரியும் இரும்பை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, பட்டாணி அளவு ஏரால்டைட் வையுங்கள். முதல் காந்தம் புள்ளி மேலே, இரண்டாவது புள்ளி கீழே, மூன்றாவது மேலே என்று மாற்றி மாற்றி இறக்குங்கள். இந்த அளவுக் காந்தம் இரும்பை 10 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு பிடிக்கும். விரல் நுனியை நடுவில் விடாமல் ஒரு மரக்குச்சியால் வழிகாட்டி இறக்குங்கள்.

4. ஒரு நாள் முழுக்க இறுகவிடுங்கள். காந்தம் பலகை மட்டத்துக்கு மேல் துருத்தினால் பலகைக்கும் பட்டைக்கும் நடுவே மெல்லிய வாஷர் கொடுங்கள். காந்தத்தை அரம் வைத்துத் தேய்ப்பதோ துளையிடுவதோ கூடாது. அது கண்ணாடி போல உடையும், அதன் தூள் தீப்பிடிக்கும்.

5. ஆங்கிள்களில் 30 மி.மீ. நீளத்தில் நீள்துளை போட்டு, பட்டையின் இரு முனையையும் அதில் மாட்டுங்கள். ஆங்கிளை யு கிளாம்பால் ரோலர் சட்டத்தில் கவ்வ வையுங்கள். நீள்துளைதான் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் இடம். வெல்டிங் பட்டறையில் பத்து நிமிட வேலை. மடித்து வைக்கும் ரோலர் என்றால் மடிப்பு தடைபடாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் காந்தத்தையும் ஒரே துருவம் மேலே இருக்கும்படி வைத்தால்?

தடை கணிசமாகக் குறையும். பக்கத்துப் பக்கத்தில் எதிர்த்துருவம் இருந்தால்தான் புலம் ஒன்றிலிருந்து கிளம்பி உருளைச் சுவர் வழியாக வளைந்து அடுத்ததில் இறங்கும். புலம் பட்டென்று திசை மாறும் இடத்தில்தான் சுழல் மின்னோட்டம் வலுக்கும். ஒட்டும்போது பக்கத்துக் காந்தங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தால் வரிசை தப்பு என்று அர்த்தம்.

இடைவெளி எவ்வளவு வைக்க வேண்டும்?

இந்த வேலை முழுக்கவே இடைவெளியில்தான் இருக்கிறது. தடை போதவில்லை என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இன்னும் நாலு காந்தம் வாங்கப் போகிறார்கள். இடைவெளியை 3 மி.மீ. குறைத்தாலே காரியம் முடிந்திருக்கும்.

1.5 மி.மீ. இல் தொடங்குங்கள். ஏடிஎம் அட்டை ஒன்றின் தடிமன் 0.76 மி.மீ., இரண்டை ஒன்றாக வைத்தால் சரியான அளவுகோல். காலாவதியான அட்டைகளையே எடுங்கள், நடப்பு அட்டையின் கருப்புப் பட்டை இந்தக் காந்தத்தின் பக்கத்தில் பிழைக்காது. முதலில் உருளையை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றி, எந்த இடம் காந்தத்தை நோக்கி அதிகம் துருத்துகிறது என்று பார்த்துக் குறியிடுங்கள். எந்த உருளையும் முழு வட்டம் அல்ல, அரை மி.மீ. ஏறி இறங்கும். அந்தத் துருத்தல் காந்தத்துக்கு நேரே நிற்கும்போது அட்டைகளைச் செருகி போல்ட்டை முடுக்குங்கள். உருளை வளைவு, காந்தம் தட்டை என்பதால் 89 மி.மீ. (3.5 அங்குல) உருளையில் காந்தத்தின் ஓரத்தில் கூடுதலாக 1.1 மி.மீ. இடைவெளி தானாக வரும், அதை ஒன்றும் செய்ய வேண்டாம்.

1 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள். டயரிலிருந்து உதிரும் ரப்பர்த் துணுக்கும் மணலும் அங்கே மாட்டும்.

எத்தனை வாட் கிடைக்கும்?

3 மி.மீ. சுவர், 1.5 மி.மீ. இடைவெளி, மேலே சொன்ன ஆறு காந்தம் என்றால், 30 கி.மீ. வேகத்தில் கணக்குப்படி 150 வாட் பக்கம் வரும். இது தோராயம், உருளையின் உலோகக் கலவையைப் பொறுத்துக் கூடும் குறையும். இடைவெளி 5 மி.மீ. ஆனால் ஏறத்தாழ பாதி. 10 மி.மீ. தாண்டினால் இருப்பதே தெரியாது.

30 இல் 150 வாட் என்று வைத்துக்கொண்டால் இருமடி விதிப்படி 20 இல் 67, 25 இல் 104, 35 இல் 204, 40 இல் 267. இது காந்தத்தின் பங்கு மட்டும், ரோலரின் சொந்தத் தடையை இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். மிதிக்கும் வாட்டை அளக்கும் பவர் மீட்டர் உள்ள சைக்கிள் ஒரு நாள் கையில் கிடைத்தால், காந்தத்தோடும் காந்தம் இல்லாமலும் 20, 30, 40 இல் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேகமானியே போதும். வேகத்தை வைத்து வாட் ஊகிக்கும் செயலிகள் கடையில் வாங்கிய மாடல்களுக்கான வளைவைத்தான் வைத்திருக்கும், உங்கள் ரோலருக்கு அந்த எண் பொய்.

ஓட்டிக்கொண்டே தடையைக் கூட்டிக் குறைக்க முடியாதா?

பழைய பிரேக் கேபிளும் கீலும் வைத்துக் கைப்பிடிவரை இழுக்கலாம்தான். ஆனால் ரோலரில் சைக்கிள் இடமும் வலமும் ஆடும். தவறி இறங்கினால் கேபிள் கூடவே இழுபடும். கீல் என்றால் ஆட்டமும் உண்டு, 1.5 மி.மீ. இடைவெளிக்கு அது ஆகாது. உங்களிடம் கியர் இருக்கிறதே, அதுவே போதும். மேலே உள்ள எண்களைப் பாருங்கள்: அதே இடைவெளியில் 67 முதல் 267 வரை இருக்கிறது. ஒரே கியர் சைக்கிள் என்றால் மட்டும், ஏறுவதற்கு முன் மாற்றிக்கொள்ள 2, 4, 7 மி.மீ. என்று மூன்று குறி போட்டு வைத்துக்கொள்ளலாம்.

உருளை சூடாகிறது. பயப்பட வேண்டுமா?

சூடாகத்தான் வேண்டும், மிதித்த சக்தி வேறெங்கே போகும்? 89 மி.மீ. உருளையில் 100 வாட் தொடர்ந்து இறங்கினால், சுழலும்போது காற்று குளிர்விப்பதையும் சேர்த்து, அறை வெப்பத்துக்கு மேல் 30 டிகிரி அளவில் போய் நிற்கும். சித்திரை மாத அறையில் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். சாதாரண என்42 காந்தத்துக்கு 80 டிகிரிதான் எல்லை. அதைத் தாண்டினால் இழந்த பலம் திரும்பாது. 250 வாட்டுக்கு மேல் நீண்ட நேரம் மிதிப்பவர்கள், தரப் பெயரில் எச் என்ற எழுத்துள்ள, 120 டிகிரி தாங்கும் காந்தம் வாங்குங்கள், அல்லது நடு உருளையிலும் ஒரு தொகுப்பு மாட்டிச் சூட்டைப் பங்கிடுங்கள். பின்பக்கம் ஒரு மேசை விசிறி வைப்பதும் உதவும். இறங்கிய உடன் உருளையில் கை வைக்காதீர்கள். நிற்கும் உருளையைக் காற்று அவ்வளவாகக் குளிர்விக்காது.

சத்தம், அதிர்வு, திடீரென்று தடை குறைவது: எதைப் பார்ப்பது?

சுற்றுக்கு ஒரு முறை ‘டிக்’ என்று கேட்டால் காந்த முகத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது. உடனே நிறுத்துங்கள். ஒரு சின்னத் திருகாணி போதும், உருளையைச் சுற்றி வரி போட்டுவிடும். செயினிலிருந்து வரும் இரும்புத் தூளை செல்லோ டேப்பால் ஒற்றி எடுக்கலாம். ஏறுவதற்கு முன் ஒரு பார்வை பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வேகம் கூடும்போது ‘ர்ர்’ என்று அதிர்ந்தால் ஆங்கிள் மெலிந்தது. 150 வாட்டில் பட்டையை உருளை இழுக்கும் விசை 18 நியூட்டன், கிட்டத்தட்ட 2 கிலோ. அதோடு, வேகத்தில் காந்தத்தை வெளியே தள்ளும் ஒரு விசையும் சேரும். ஒற்றை முனையில் மட்டும் பிடித்த பட்டை இதற்கு நிற்காது, இரு முனையும் கட்டியிருக்க வேண்டும்.

தடை நாளாக ஆகக் குறைகிறதென்றால் முதலில் போல்ட், பிறகு இடைவெளி, கடைசியாகத்தான் காந்தம். நைலான் பூட்டு நட்டை அடிக்கடி கழற்றி மாட்டினால் அதன் பிடி போய்விடும், புதிதாகப் போடுங்கள். வியர்வை சொட்டி முலாம் உரிந்த காந்தம் துருப்பிடித்து உப்பும். அதை மாற்றியே ஆக வேண்டும்.

மிதிப்பதை நிறுத்தியதும் சட்டென்று வேகம் விழுகிறதே?

ஆமாம், காந்தத் தடைக்கு இருக்கும் உண்மையான குறை இது. சாலையில் நீங்களும் சைக்கிளுமாக 80 கிலோவுக்கு மேல் உருண்டுகொண்டிருக்கிறது. ரோலரில் சுழல்வது இரண்டு சக்கரங்களின் விளிம்பும் டயரும் மூன்று குழாய்களும், எல்லாம் சேர்த்து 4, 5 கிலோ. 150 வாட் தடை இருந்தால் 30 இலிருந்து 15 க்கு இரண்டு நொடிக்குள் இறங்கிவிடும். வேகம் போனால் சமநிலையும் போகும். ரோலருக்குப் புதியவர்கள் காந்தத்தைக் கழற்றி வைத்து முதலில் பழகுங்கள், பிறகு 5 மி.மீ. இடைவெளியில் தொடங்குங்கள். கதவு நிலைக்கு நடுவே ரோலரைப் போட்டால் இரு பக்கமும் கை ஊன்ற இடம் இருக்கும்.

பிவிசி உருளைக்கு என்ன வழி?

அலுமினியத் தாளோ செம்பு டேப்போ ஒட்டினால் ஆகாது. தடை தடிமனைப் பொறுத்தது, தாளில் தடிமனே இல்லை. 3 மி.மீ. சுவருள்ள அலுமினியக் குழாயில் 200 மி.மீ. நீளத் துண்டு வாங்கி, லேத்தில் உள்விட்டத்தைக் கடைந்து, உருளையின் ஒரு முனையில், டயர் ஓடாத பகுதியில் இறுக்கமாக ஏற்றுங்கள். குறுகிய உருளை என்றால் துண்டை 120 மி.மீ. ஆக்கி, காந்தத்தை மூன்றாகக் குறையுங்கள். சூட்டில் பிவிசி இளகும் என்பதால் 100 வாட்டுக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். குழாய்க்குப் பதில் உருளை முனையில் அலுமினியத் தட்டு மாட்ட நினைப்பவர்கள் கவனிக்க: பெரும்பாலான ரோலரில் அச்சு நிலையாக நிற்கும், உருளைதான் சுழலும். தட்டை உருளையின் மூடியில் திருக வேண்டும், அச்சில் அல்ல.

வீட்டில் குழந்தைகள் இருந்தால்?

பொருத்தியபின் காந்தங்களின் மேல் ஒரு மெல்லிய அலுமினியத் தகட்டை வளைத்து மூடிவிடலாம், அது அசையாமல் நிற்பதால் தடைக்குக் குறைவில்லை. தகட்டின் தடிமனை இடைவெளியில் சேர்த்துக்கொள்ளுங்கள். மிச்சமான உதிரிக் காந்தங்களைப் பூட்டி வையுங்கள். இரண்டை விழுங்கினால் அவை குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு ஓட்டை போட்டுவிடும். சந்தேகம் என்றாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தக் காந்தங்களைக் கையாளவே வேண்டாம், பொருத்தும் வேலையை வேறொருவரிடம் விடுங்கள், ஓட்டலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சுழலும் உருளைக்கும் பட்டைக்கும் நடுவே சின்ன விரல் நுழையும் என்பதால், நீங்கள் ஓட்டும் நேரத்தில் அறைக் கதவைச் சாத்தியே வையுங்கள்.